பாட்டுக்கு அடியில் ஒரு உழைப்பாளி
ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்ற ‘பேஸ்’ கிதார்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் நாளன்று மாலையும் பொன்னாடையும் உண்டு. கூட வேலை பார்த்தவர்கள் நாலு வார்த்தை நல்லதாகப் பேசுவார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம் போல விழிப்பு வந்துவிடும். ஆனால் எழுந்து கிளம்பிப் போக இடம் இருக்காது. ஒலவக்கோடு ரயில்வே அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவருக்கும், கஞ்சிக்கோடு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தவருக்கும், மூணாறு மலையில் கொழுந்து பறித்தவருக்கும் இந்தக் காலை ஒன்றுதான்.

கேரள அரசு ஊழியர்களில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் 56 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். 2013 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கும் ரயில்வேகாரர்களுக்கும் வயது 60. சேமநிதி ஓய்வூதியம் 58 வயதில் தொடங்குகிறது. எப்படிப் பார்த்தாலும் அதற்குப் பிறகு பதினைந்து, இருபது வருஷம் கையில் மிச்சம் இருக்கிறது. அது உத்தியோகம் பார்த்த காலத்தில் பாதி.

இந்தக் காலத்தைப் பேரக் குழந்தைகளோடும், கோயில் குளத்தோடும், வாசகசாலைப் பத்திரிகையோடும் கழிப்பவர்கள் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று தவிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பொருத்தமான ஒரு வாத்தியம் உண்டு. அதன் பெயர் பேஸ் கிதார்.

கேட்டதும் சிரிப்பு வரலாம். கிதார் என்றால் கல்லூரி மாணவன் தோளில் தொங்குவது என்றுதான் பலருக்கும் நினைப்பு. பேஸ் கிதார் அந்த ஜாதி அல்ல. அது என்ன, வயதானவர் கைக்கு அது ஏன் ஒத்துவரும் என்று பார்க்கலாம்.

கேட்டும் கேளாத ஒலி

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலையிலும் வேலை பார்த்த தமிழர்கள் பாட்டுக் கேட்டது பெரும்பாலும் டிரான்சிஸ்டரில். திருச்சி, கோவை நிலையங்களும் இலங்கை வானொலியும்தான் அவர்களுக்குத் துணை. பாட்டின் வரி, பாடியவர் குரல், இடையில் வரும் புல்லாங்குழல் எல்லாம் இன்றும் அவர்களுக்கு மனப்பாடம்.

ஆனால் அந்தப் பாட்டுகளில் இருந்த ஒன்று மட்டும் அவர்கள் காதுக்குச் சரியாக வந்து சேரவில்லை. பேஸ் கிதாரின் நான்கு தந்திகளும் மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்புபவை. தடித்த தந்தி விநாடிக்கு 41 தடவை அதிரும். மெல்லிய தந்தி 98 தடவை. கையகல டிரான்சிஸ்டரின் சிறிய ஒலிபெருக்கிக்கு இவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பச் சக்தி கிடையாது. ஆகவே நாற்பது வருஷமாகத் தெரிந்த பாட்டையும் பலர் அடித்தளம் இல்லாமலே கேட்டிருக்கிறார்கள்.

இன்று அதே பாட்டை நல்ல ஹெட்போன் வைத்துக் கேட்டால் வித்தியாசம் புரியும். குரலுக்கும் வயலினுக்கும் கீழே ஒருவர் நிதானமாக நடந்து கொண்டிருப்பது கேட்கும். அந்த நடையை ஒரு முறை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு எந்தப் பாட்டிலும் அது காதிலிருந்து தப்பாது.

கணக்கெழுதியவர் செய்த வாத்தியம்

மேல்நாட்டு இசையில் இந்தத் தாழ்ந்த ஒலியைக் கொடுத்து வந்தது ‘டபிள் பேஸ்’ என்னும் பெரிய வாத்தியம். அது ஆள் உயரம் இருக்கும். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வாசிப்பார்கள். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸும் மின்சார கிதாரும் முழங்கும் இடத்தில் அதன் சத்தம் எடுபடவும் இல்லை.

1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் இதற்கு மாற்றாகச் சிறிய மின்சார வாத்தியம் ஒன்றைச் செய்து பார்த்தார். அது பரவவில்லை. வெற்றி கண்டவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். கணக்கியல் படித்து, கணக்கெழுதும் வேலை பார்த்தவர் அவர். பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. 1938இல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். கடைக்கு வந்த வாத்தியக்காரர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு, 1951இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் ‘பிரிசிஷன் பேஸ்’. இன்று உலகம் முழுவதும் வாசிக்கப்படும் பேஸ் கிதாருக்கு அதுவே முன்மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது.

வீணையில் மெட்டுகள் இருப்பது போல இந்த வாத்தியத்தின் கழுத்திலும் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். விரலை எந்த இரு கம்பிகளுக்கு நடுவே வைத்தால் எந்த ஸ்வரம் என்பது நிர்ணயமாகிவிடும். வயலினில் போல விரல் அரை அங்குலம் நகர்ந்தால் அபஸ்வரம் என்ற பயம் இல்லை. ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம் என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

வீக்கன் செண்டையும் ஒத்தும்

பாலக்காட்டில் பூரம் பார்த்தவர்களுக்குப் பேஸ் கிதாரின் வேலையை விளக்குவது எளிது. செண்டை மேளத்தில் முன்வரிசைக் கலைஞர்கள் கோல் பறக்க வாசிப்பார்கள். கூட்டத்தின் கண்ணெல்லாம் அவர்கள் மேல்தான். அவர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று வீக்கன் செண்டையில் தாளம் தவறாமல் அடித்துக் கொண்டிருப்பவர்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் ஒரு நொடி நிறுத்தினால் முன்வரிசையின் வித்தை அத்தனையும் சரிந்துவிடும்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரும் அப்படித்தான். ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஏளனமாகச் சொல்லும் வழக்கம் வேறு நம்மிடம் உண்டு. அந்த ஒத்து இல்லாவிட்டால் நாதஸ்வரம் எந்தச் சுருதியில் நிற்பது?

பேஸ் கிதார் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. தாளக்காரரோடு சேர்ந்து காலத்தைக் காக்கிறது. பாடுபவருக்கு ஆதார ஸ்வரத்தைக் காட்டுகிறது. ஒத்து ஒரே இடத்தில் நிற்கும். பேஸ் கிதார் பாட்டு போகும் இடத்துக்கெல்லாம் கூடவே நடந்து போகும்.

மலைக்கு அந்தப் பக்கம்

இந்த நடைக்குத் தமிழ்ப் பாட்டில் பெரிய இடம் கொடுத்தவர் இடுக்கி மலையின் மறுபக்கத்து அடிவாரத்தில் பிறந்தவர் என்பது இப்பகுதித் தமிழர்களுக்குப் பெருமை. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரம் இளையராஜாவின் ஊர். பிறந்தது 1943இல். பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக் குழுவில் சேர்ந்தார்.

பாவலரின் பெயரை மூணாறு, தேவிகுளம் பக்கத்துப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1958இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் தமிழில் பாடியவர் அவர். ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார்.

பின்னர் சென்னை சென்ற இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றார். லண்டன் டிரினிடி கல்லூரியின் கிதார் தேர்விலும் தேறினார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன் பிறகு வந்த அவரது பாடல்களில் பேஸ் கிதார் பின்னணி ஓசை என்ற நிலையிலிருந்து உயர்ந்து, தனக்கென்று ஒரு பாதை வகுத்துக்கொண்டு பாட்டின் ஊடே நடந்தது. அவரது குழுவில் நெடுங்காலம் பேஸ் கிதார் வாசித்தவர் சசிதரன். பாட்டை முணுமுணுப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்க, இந்தப் பெயரை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எடுத்துக்காட்டாக, 1980இல் வந்த ‘மூடுபனி’ படத்தில் கிதார் ஏந்தி நாயகன் பாடுவதாக அமைந்த யேசுதாஸ் பாட்டைக் கேட்கலாம். அது இளையராஜாவின் நூறாவது படம். அந்தப் பாட்டில் குரலை விட்டுவிட்டுக் கீழே போகும் பேஸை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை காதால் பின்தொடர்ந்து பார்ப்பது கற்க நினைப்பவர்களுக்கு முதல் பாடம்.

பாலக்காட்டுக்கும் இசைச் சொத்துக்குக் குறைவில்லை. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் 1928இல் பிறந்தது எலப்புள்ளியில். யேசுதாஸுக்குக் குருவாக அமைந்த செம்பை வைத்தியநாத பாகவதர் பாலக்காட்டுக்கு அருகே செம்பை கிராமத்தவர். 1896இல் பிறந்து 1974இல் மறைந்த அவர், எழுபது வயதைக் கடந்த பிறகும் கச்சேரி மேடையை விடவில்லை. அவர் பெயரில் அரசு இசைக் கல்லூரி பாலக்காட்டில் நடக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு வாத்தியம் கற்கக் கூச்சப்படுவானேன்?

வயதுக்கு ஏன் ஒத்துவரும்?

முதல் காரணம் காது. வயதாகும்போது மனிதக் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளைத்தான். பறவையின் கீச்சொலியும் குழந்தையின் மெல்லிய பேச்சும் மங்கும்போதுகூட, தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். தாழ்ந்த ஒலிக்கென்றே ஏற்பட்ட வாத்தியம் முதியவர் காதை ஏமாற்றாது.

இரண்டாவது காரணம் எளிமை. சாதாரண கிதாரில் ஆறு தந்திகள். மூன்று நான்கு விரல்களை ஒரே சமயத்தில் வளைத்துப் பிடிக்க வேண்டும். பேஸ் கிதாரில் நாலு தந்திகள்தாம். பெரும்பாலும் ஒரு சமயத்துக்கு ஒரு ஸ்வரம்.

மூன்றாவது காரணம் குணம். இந்த வாத்தியத்துக்கு வேண்டியது வேகத்தைக் காட்டிலும் நிதானம். முப்பது வருஷம் சங்குச் சத்தத்துக்கு முன்னால் வேலையிடத்தில் நின்றவருக்கும், மாதக் கடைசியில் கணக்கு ஒரு பைசா பிசகாமல் நேர் செய்தவருக்கும் நிதானத்தைப் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ‘மோட்டவுன்’ கம்பெனியின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்குப் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜாமர்சன். அவர் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்தியை மீட்டியவர். ஒரு விரல் போதுமென்று உலகுக்குக் காட்டிய மேதை. இசைத்தட்டு உறைகளில் அவர் பெயரை அந்தக் கம்பெனி அச்சிட்டது 1971இல்தான். அதுவரை பாட்டு ஊரறிந்ததாக இருந்தது. வாசித்தவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

மருத்துவர்களும் இதில் அக்கறை காட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பு, சதுரங்கம் போன்ற ஆட்டங்கள், நடனம் இவற்றோடு வாத்தியம் வாசிப்பவர்களுக்கும் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. 60 முதல் 85 வயது வரை உள்ள புதியவர்களுக்கு ஆறு மாதம் பியானோ சொல்லிக் கொடுத்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், கவனத்தையும் சுறுசுறுப்பையும் அளக்கும் சில சோதனைகளில் அவர்கள் முன்னேறினார்கள். இதை வைத்து வாத்தியம் மறதி நோய்க்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது. மூளைக்கு வேலை கொடுப்பது நல்லது என்ற அளவில் நம்பலாம்.

முதல் மூன்று மாதம்

வாத்தியம் வாங்கும்போது கழுத்தின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமான பேஸ் கிதாரில் அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் ‘ஷார்ட் ஸ்கேல்’ என்று ஒன்று உண்டு. அதில் விரல்களை அதிகம் விரிக்க வேண்டியதில்லை. சிறிய கை உள்ளவர்களுக்கும், மூட்டு இறுகியவர்களுக்கும், பெண்களுக்கும் இது வசதி. முழு அளவு வாத்தியம் நாலு கிலோ வரை கனக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, அகலமான தோள்வாரோடு வாசிப்பது முதுகுக்கு நல்லது. தந்திகளிலும் வழவழப்பாகச் சுற்றிய ரகம் உண்டு. அது விரலை அதிகம் அராவாது.

நான்கு தந்திகளுக்கும் மேல்நாட்டுப் பெயர் இ, ஏ, டி, ஜி. சுருதி சேர்க்கச் செல்போனில் இலவசச் செயலிகள் இருக்கின்றன. பேரப் பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் ஏற்றித் தந்துவிடுவான்.

முதல் இரண்டு வாரம் இடக்கைக்கு வேலையே வேண்டாம். வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, கடிகார ஓசைக்கு ஒரு மீட்டு வீதம், வெறும் தந்தியை மீட்டி வந்தால் போதும். பிறகு இடக்கை. விரலை மெட்டுக் கம்பிக்கு ஒட்டினாற்போல் அதன் பின்னால் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் மெல்ல அழுத்தினாலே ஒலி சுத்தமாக வரும். கொழுந்தும் கவாத்துக் கத்தியும் பிடித்த கை பலமான கை. அதற்குக் கற்றுத் தர வேண்டியது பலத்தைக் குறைத்துக்கொள்வதைத்தான்.

சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. தடித்த தந்தியில் ஏதாவது ஒரு மெட்டில் விரலை வைத்து அதை ‘ஸ’ என்று கொள்ளவேண்டும். அடுத்த தந்தியில் அதே மெட்டு ‘ம’. அங்கிருந்து இரண்டு மெட்டு மேலே ‘ப’. அந்த ‘ப’வுக்கு நேராக அடுத்த தந்தியில் மேல் ‘ஸ’. கை எந்த மெட்டுக்கு நகர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆதி தாளத்தில் முதல் அட்சரத்தில் ‘ஸ’, ஐந்தாவது அட்சரத்தில் ‘ப’ என்று வாசித்தாலே எளிய பக்திப் பாட்டுகள் பலவற்றுக்குத் துணை போகலாம். மூன்று மாதத்தில் இது கைகூடும்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிடக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்பது மேல. முதல் வாரங்களில் விரல் நுனி வலிக்கும். தோல் தடித்ததும் சரியாகிவிடும். ஆனால் மணிக்கட்டு வலித்தாலோ, விரல் மரத்தாலோ, மடக்கிய விரல் நிமிர மறுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் விரல் நுனியைத் தினமும் கவனிப்பது அவசியம்.

செல்போன் வீடியோ பார்த்தே கற்பவர்கள் உண்டு. இருந்தாலும் முதல் இரண்டு மாதம் கையைப் பிடித்துத் திருத்த ஒரு ஆள் இருப்பது நல்லது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை பக்கத்தவர்களுக்குக் கோவை கிட்டே. குமுளி, பீர்மேட்டுக்காரர்களுக்குத் தேனியும் மதுரையும் உண்டு. மலையில் இருப்பவர்கள் மாதா கோயில் பாடல் குழுவில் கிதார் வாசிக்கும் பையனைக் கேட்டுப் பார்க்கலாம். வயதில் சின்னவனிடம் கற்பதில் குறைவொன்றும் இல்லை.

பணமும் லயமும்

ஆரம்ப நிலை வாத்தியம் பத்து, பதினைந்தாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. வாசிப்பதை விட்டுவிட்டவர்களிடம் பாதி விலைக்கும் வரும். ஒரு வருஷச் சேவைக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும் பணிக்கொடையில் இது சிறு பங்குதான். ஆனாலும் மகள் கல்யாணக் கடனும் வீட்டுக் கூரையும் முதலில். வாத்தியம் அதற்குப் பிறகு. அவசரம் இல்லாதவர்கள் இரவல் வாங்கி இரண்டு மாதம் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை. லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். குழந்தை தூங்கும்; காலை வேலைக்குப் போகிறவர் கண்ணயர்ந்திருப்பார். இதற்கும் வழி இருக்கிறது. பேஸ் கிதார் மின்சார வாத்தியம். ஒலிபெருக்கியில் சேர்க்காதவரை அதன் சத்தம் அடுத்த அறைக்குக்கூடப் போகாது. கைக்குள் அடங்கும் சிறு பெருக்கியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வாசிப்பவருக்கு மட்டும் முழு ஒலியும் கேட்கும்.

ஓய்வு பெற்ற பின், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலைக்கு இல்லாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பது மலையில் எல்லாரும் அறிந்த துயரம். சொந்தமென்று சொல்ல நிலம் இல்லாமல், மலையிறங்கிக் கம்பத்துக்கோ போடிக்கோ வாடகை வீடு தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர். வாத்தியம் வீட்டுக்கு ஈடாகாது. ஆனால் கற்ற வித்தையைக் காலி செய்யச் சொல்ல யாராலும் முடியாது. குடியிருந்த லயம் போனாலும் கைக்கு வந்த லயம் கூடவே இறங்கி வரும்.

இதில் வருமானம் பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே நேர்மையான பதில். சிறிய மெல்லிசைக் குழுக்கள் பலவற்றில் இப்போது கீபோர்டிலேயே பேஸ் ஒலியையும் எழுப்பிவிடுகிறார்கள். ஆயினும் மாரியம்மன் திருவிழாவிலோ, மாதா கோயில் பாடல் குழுவிலோ, ஓணம் கொண்டாட்டத்திலோ, நிதானமாகப் பின்னால் நின்று வாசிக்க ஒருவர் வருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஓய்வு பெற்றவருக்கு நாலு பேர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு சனிக்கிழமை ஒத்திகை கிடைப்பது சின்ன விஷயமல்ல.

“இந்த வயசிலா?”

வாத்தியத்தை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்ததும் முதலில் வரும் கேள்வி இதுதான். மருமகள் வாய்க்குள் சிரிப்பார். டீக்கடையில் பழைய சிநேகிதர்கள் “எப்பண்ணே கச்சேரி?” என்பார்கள்.

அவர்களுக்குச் சொல்ல இதே கேரளத்தில் பதில் இருக்கிறது. ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018இல் எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை 96 வயதில் எழுதி நூற்றுக்கு 98 மார்க்கு வாங்கி மாநிலத்தில் முதலாவதாக வந்தார். கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 105 வயதில் நாலாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் தேறினார். இருவருமே இப்போது இல்லை. ஆனால் படிக்க முடியாமல் போன காலத்தை நினைத்து உட்கார்ந்துவிடாமல், கிடைத்த காலத்தில் படித்துக் காட்டினார்கள்.

அவர்களோடு பார்த்தால் 58 வயது தோட்டத் தொழிலாளியும் 60 வயது குமாஸ்தாவும் இளைஞர்கள். அவர்கள் மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மழை விடாத ஆடி மாதத்து மாலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இளமையில் டிரான்சிஸ்டரில் கேட்ட ஒரு பாட்டை ஓடவிட்டு, அதன் அடியில் நாலே நாலு ஸ்வரங்களைத் தாளம் பிசகாமல் வைத்துக் கொண்டு போனால் போதும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வரும்போது, எழுந்ததும் செய்ய ஒரு வேலை இருக்கும்.